மனை வாங்கிப் போடலாமா? கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இடம் வாங்க நினைப்பவர்களின் கேள்விகளுக்குப் பத்திர எழுத்தர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): ஐயா, பேங்க், மியூச்சுவல் ஃபண்டு என்று எத்தனையோ இருந்தும் எங்கள் வீட்டில் எல்லாரும் "ஒரு மனை வாங்கிப் போடு" என்கிறார்கள். ஏன்?

பதில்: அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது தம்பி. ரொக்கமாக வைத்திருந்தால் தங்கச்சி வளைகாப்பு, மச்சானுக்குக் கைமாத்து என்று கரைந்துவிடும். மனையை நினைத்த நேரத்தில் உடைத்துச் செலவழிக்க முடியாது. அதனாலேயே அது மிஞ்சுகிறது. பெண் கொடுக்க வருகிறவர்களும் "சொந்தமா இடம் இருக்கா" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னிடம் பத்திரம் எழுத வருகிறவர்களில் லாபக் கணக்கோடு வருபவர்கள் குறைவு. பிள்ளைகளுக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்றுதான் வருகிறார்கள். அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன்.

கேள்வி (பண்ருட்டி): பத்து வருஷத்தில் இரண்டு மடங்கு ஆகிவிடும் என்கிறாரே புரோக்கர்?

பதில்: ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்ச ரூபாய் மனைக்கு 90,000 ரூபாய் அங்கேயே போய்விடும். ஆக 10.9 லட்சம் போட்டு, பத்து வருஷம் கழித்து 20 லட்சத்துக்கு விற்றால், வருஷத்துக்கு 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் நிற்கும். அந்த லாபத்திலும் 12.5 சதவீதம் வரி உண்டு. "இரண்டு மடங்கு" என்று கேட்டதும் மயங்காதீர்கள். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பேரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (வில்லியனூர்): வீடு வாங்கி வாடகைக்கு விட்டால்?

பதில்: வீட்டு விலையில் வருஷத்துக்கு 2, 3 சதவீதம் வந்தாலே நல்ல வாடகை. அதை நம்பிக் கடன் வாங்கினால் தவணைக்குப் பற்றாது.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): சார், பாதி விலைக்கு ஒரு மனை வருகிறது. அப்ரூவலைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

பதில்: வேண்டாம்மா. அப்ரூவல் இல்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டமே 20.10.2016-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்காக வந்ததுதான். அதற்குப் பிறகு வயலில் கல் நட்டு விற்பதை வாங்கினால் பதிவிலேயே சிக்கல், வீடு கட்ட அனுமதியும் பேங்க் கடனும் கிடைக்காது. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து அப்ரூவல் ஆகாது. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் நகர் ஊரமைப்புத் துறையின் (டிடிசிபி) எண்ணைக் கேளுங்கள். எட்டு மனைக்கு மேல் போனால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) பதிவு எண்ணும் வேண்டும். மூலப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் பார்த்தபின், சர்வே துறையின் நில அளவு வரைபடத்தை (எஃப்எம்பி) கையில் வைத்துக்கொண்டு டேப் பிடித்து நாலு பக்கமும் அளக்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதெல்லாம் முடிய வேண்டும்.

கேள்வி (செம்மண்டலம்): எந்தப் பக்கம் வாங்கினால் விலை ஏறும்?

பதில்: நாலுவழிச் சாலையைக் காட்டித்தான் எல்லாரும் விற்கிறார்கள். நான் முதலில் தண்ணீரைப் பார்ப்பேன். கெடிலம் ஆறும் தென்பெண்ணை ஆறும் கடலில் சேரும் ஊர் நம் கடலூர். 2015 வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியபோதும் ஊருக்குள் வந்தது. சித்திரை வெயிலில் மனை பார்த்தால் எல்லாம் மேட்டு நிலமாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் நீர்க்கறை எந்த உயரத்தில் நிற்கிறது, ரோட்டு மட்டத்துக்கு மனை எத்தனை அடி பள்ளம் என்று பாருங்கள். மண் அடிக்கிற செலவை விலையோடு கூட்டிப் பேசுங்கள். எதிர்வீட்டு அம்மாவிடம் "மழைக்குத் தண்ணி நிக்குமா" என்று கேட்டால் புரோக்கர் சொல்லாததைச் சொல்லிவிடுவார்.

கேள்வி (துபாய், சொந்த ஊர் பாகூர்): ஊரில் வயல் வாங்க ஆசை அண்ணா.

பதில்: என்ஆர்ஐ-யாக இருக்கும்வரை விவசாய நிலம் வாங்க முடியாது, வாரிசுரிமையில் வரலாம். வீடோ வீட்டுமனையோ வாங்கலாம்.

கேள்வி (முதுநகர்): மூன்று வருஷத்தில் மகளுக்குக் கல்யாணம். கையிலிருக்கும் 8 லட்சத்தை மனையில் போடட்டுமா?

பதில்: போடாதீர்கள் அண்ணே. தேதி குறித்த செலவுக்கு மனை உதவாது. நாள் நெருங்கி விற்க நின்றால், உங்கள் அவசரம் தெரிந்து அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். அந்தப் பணம் பேங்கில் வைப்புநிதியாக இருக்கட்டும். கல்யாணம் முடிந்து மிஞ்சுவதில் சின்னதாக ஒரு மனை பார்ப்போம். பத்திரங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள், நானே படித்துச் சொல்கிறேன்.