முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்ததற்கு வராதா?

கேள்வி: எனக்கு 27 வயது. கணவர் என் சொந்த அத்தை மகன். மூத்த பையனுக்கு நாலு வயது, தலசீமியா மேஜர் என்ற கடுமையான ரத்தசோகை நோய். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றுகிறோம். இப்போது மறுபடி எட்டு வாரக் கர்ப்பம். நாலில் ஒரு பிள்ளைக்கு வரும் என்று முன்பே டாக்டர் சொல்லியிருந்தார். ‘அந்த ஒன்றுதான் வந்துவிட்டதே, இனி மூன்று பிள்ளைகள் நல்லபடியாகப் பிறக்கும், அதிலும் பெண்ணாக இருந்தால் வரவே வராது’ என்று வீட்டில் சொல்கிறார்கள். என் ரத்தத்தைச் சோதித்தபோது மைனர் என்று வந்தது. தனக்கு ஒரு நோயும் இல்லை என்று கணவர் சோதனைக்கே வரவில்லை. எங்கள் பரம்பரையில் இது கிடையாது, உன்னால்தான் என்கிறார் அத்தை. அவருக்கும் எப்போதும் ரத்தம் கம்மி, வருஷக்கணக்காக டானிக் குடிக்கிறார். முதல் கர்ப்பத்தில் நான் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை, அதனால்தான் பையனுக்கு இப்படி ஆனதா? இந்தக் குழந்தைக்கும் வருமா?

பதில்:

சகோதரி, விளக்கமெல்லாம் அப்புறம். முதலில் நாள் கணக்கைப் பார்த்துவிடுவோம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தலசீமியா இருக்கிறதா என்று 11 முதல் 13 வாரத்துக்குள் நச்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துச் சோதித்துச் சொல்லிவிட முடியும். ஆனால் அதற்கு முன்பே உங்கள் இரண்டு பேரின் மரபணுவிலும் எந்த இடத்தில் பிழை இருக்கிறது என்று ஆய்வகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கே ஒன்றிரண்டு வாரம் ஆகிவிடும். உங்களுக்கு எட்டு வாரம் முடிகிறது. அதனால் இந்த வாரமே, கணவரையும் பையனையும் கூட்டிக்கொண்டு, மரபியல் பிரிவு உள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இது பல வருடங்களாக நடக்கும் சோதனைதான்.

இப்போது ‘நாலில் ஒன்று’ விஷயம். உங்கள் வீட்டில் மட்டுமில்லை, நான் பார்க்கும் குடும்பங்களில் பாதிப்பேர் இதை அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள், அந்த நம்பிக்கையிலேயே சோதனை செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். நாலு பிள்ளை பெற்றால் ஒன்றுக்கு வரும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. ஒவ்வொரு முறை கருத்தரிக்கும்போதும், அந்த ஒரு குழந்தைக்கு, நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம். தாயக்கட்டை உருட்டுகிறீர்கள், தாயம் விழுகிறது. அடுத்த ஆட்டத்தில் கட்டைக்கு அது ஞாபகம் இருக்குமா? வரிசையாக இரண்டு பிள்ளைகளுக்கும் மேஜர் வந்த வீடும் எனக்குத் தெரியும், மூத்தவனுக்குப் பின் பிறந்த மூன்று பேருமே நன்றாக இருக்கிற வீடும் தெரியும்.

அந்த நாலில் ஒன்று எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் உங்கள் மீது சுமத்தியிருக்கும் பழி தானாகவே இறங்கிவிடும்.

நம் உடம்பில் அநேகமாக எல்லா செல்லிலும் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. அம்மாவிடமிருந்து 23, அப்பாவிடமிருந்து 23, ஆக 23 ஜோடி. ஒவ்வொரு குரோமோசோமும் சுருட்டி வைத்த ஒரு நீள டி.என்.ஏ. இழை. அதில் ஏ, டி, ஜி, சி என்று நாலே நாலு எழுத்துகள்தான் மாறி மாறி வருகின்றன, 23 குரோமோசோம் கொண்ட ஒரு தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்துகள். அந்த இழையில், இன்ன புரதத்தை இப்படிச் செய் என்று சொல்லும் பகுதியைத்தான் மரபணு என்கிறோம். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. பீட்டா சங்கிலிக்கான மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 11ஆம் குரோமோசோம் எல்லாரிடமும் ஜோடியாக இருப்பதால் அந்த மரபணுவும் நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கும்.

இந்தியர்களிடம் அதிகம் காணப்படும் பீட்டா தலசீமியா பிழை என்ன தெரியுமா? ஒரே ஒரு எழுத்து. ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி. அதுவும் புரதத்துக்கான செய்தி எழுதியிருக்கும் இடத்தில்கூட இல்லை, நடுவில் வெட்டி எறியவேண்டிய ஒரு துண்டின் ஐந்தாவது எழுத்தில். மரபணுவிலிருந்து நகல் எடுத்ததும், வேண்டாத துண்டுகளை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைப்பது செல்லின் வழக்கம். துணியில் தையற்காரர் சாக்பீஸால் போட்ட கோடு கொஞ்சம் தள்ளிப் போய்விட்டால் சட்டை என்ன ஆகும், அதேதான் இங்கேயும். வெட்டு தப்பான இடத்தில் விழுகிறது, பீட்டா சங்கிலி சரியாக உருவாவதில்லை.

உங்களிடம் இரண்டு பிரதியில் ஒன்றில்தான் இந்த மாதிரிப் பிழை இருக்கிறது. வீட்டில் இரண்டு அடுப்பில் ஒன்று பழுதானாலும் மற்றதில் சோறு வெந்துவிடும் இல்லையா? அதைத்தான் மைனர் என்கிறோம். ஹீமோகுளோபின் ஓரிரண்டு புள்ளி குறைவாக இருக்கும், சிவப்பணுக்கள் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். மைனர் வயதாக ஆக மேஜராக மாறிவிடாது. பையனுக்கு இரண்டு பிரதியுமே பழுதாக வந்துவிட்டன, அதனால் அவன் உடம்பில் போதுமான ஹீமோகுளோபின் உருவாவதில்லை, அதைத்தான் மேஜர் என்கிறோம்.

அது எப்படி வந்தது என்பதில்தான் மியாசிஸ் வருகிறது. பள்ளிக்கூடத்தில் குன்றல் பகுப்பு என்று படித்திருப்பீர்கள். கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது மட்டும் 46 பாதியாகி 23 ஆகிறது, ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று மட்டும் போகும். (பாதியாகாவிட்டால் ஒவ்வொரு தலைமுறைக்கும் எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போகுமே!) உங்கள் 11ஆம் ஜோடியிலிருந்து நல்ல பிரதி போகிறதா, பழுதான பிரதி போகிறதா என்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பதுதான். உங்கள் பக்கம் பாதி வாய்ப்பு, கணவர் பக்கம் பாதி வாய்ப்பு, பாதியில் பாதி கால். இரண்டுமே பழுதாகச் சேர நாலில் ஒன்று, உங்களைப் போலவே மைனராக இருக்க நாலில் இரண்டு, பிழையே இல்லாமல் பிறக்க நாலில் ஒன்று. அந்த ஜோடிகள் ஒவ்வொன்றும் தன்போக்கில் பிரிவதால் ஒரு ஆளிடமிருந்தே சுமார் 84 லட்சம் விதமான சேர்க்கை வரமுடியும். பிரிவதற்கு முன்னால் ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று துண்டுகளை மாற்றிக்கொள்வதும் நடக்கிறது, அதைச் சேர்த்தால் கணக்கே கிடையாது. அதனால்தான் கூடப்பிறந்தவர்கள் ஒருவர் மாதிரி ஒருவர் இருப்பதில்லை. நாளைக்குக் குழந்தை பிறந்ததும் ‘அண்ணன் ஜாடை இல்லை, அதனால் நோயும் இருக்காது’ என்று யாராவது சொன்னால் அதையும் நம்பவேண்டாம், முக ஜாடையை வைத்து 11ஆம் குரோமோசோமை யாரும் படிக்க முடியாது.

பெண்ணாக இருந்தால் வராது என்பதும் தவறு. எக்ஸ் குரோமோசோமில் பிழை இருக்கும் நோய்கள்தான் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைப் பாதிக்கும், ஹீமோபீலியா அப்படி, சிவப்பு பச்சை நிறக்குருடு அப்படி. தலசீமியா 11ஆம் குரோமோசோம் விவகாரம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுதான்.

மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, சகோதரி. நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோதே உங்கள் கருமுட்டைகளில் மியாசிஸ் தொடங்கி, பாதியில் நின்று, இத்தனை வருடம் காத்திருந்தது. கரு உண்டாகும் கணத்திலேயே எந்தப் பிரதி என்பது முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் எதைச் சாப்பிட்டாலும், எதைச் சாப்பிட மறந்தாலும், அது மாறாது. நாலு வருடமாக இதை மனதில் வைத்துக்கொண்டு பையனைத் தூக்கிக்கொண்டு ரத்தம் ஏற்றப் போய் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கணவரிடம் இதைச் சொல்லுங்கள், அல்லது இந்தப் பதிலையே படிக்கக் கொடுங்கள். பையனிடம் பழுதான பிரதி இரண்டு இருக்கிறது, அதில் ஒன்றுதான் உங்களிடமிருந்து போயிருக்கும், மற்றது அவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அவரும் உங்களைப் போலவே மைனர். அது நோயில்லை, அவர் சொல்வது சரிதான், அவர் ஆரோக்கியமாகவே இருக்கிறார். சோதனை யார் மேல் தப்பு என்று பார்க்க இல்லை. எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று தெரிந்தால்தான் வயிற்றில் உள்ள குழந்தைக்குச் சோதிக்க முடியும். கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவே.

அத்தை சொல்லும் பரம்பரை பற்றி. அவர் உங்கள் அப்பாவின் கூடப்பிறந்தவர், அவர் பரம்பரை எதுவோ அதேதான் உங்கள் பரம்பரையும். உங்கள் அப்பாவையும் அத்தையையும் பெற்ற தாத்தா பாட்டியில் ஒருவரிடம் ஒரே ஒரு பழுதான பிரதி இருந்து, அது மகன் வழியாக உங்களுக்கும் மகள் வழியாக உங்கள் கணவருக்கும் வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அத்தைக்கு எப்போதும் ரத்தம் கம்மி என்று எழுதியிருக்கிறீர்களே, அவரும் மைனராக இருக்கலாம். மைனர் என்று தெரியாமல் இரும்பு டானிக்கை வருஷக்கணக்காகக் குடிப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், தேவையில்லாத இரும்பு உடம்பில் சேர்வது நல்லதில்லை. அவரையும் உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் சோதனையும், ஹெச்.பி.எல்.சி. என்ற ஹீமோகுளோபின் சோதனையும் செய்துகொள்ளச் சொல்லுங்கள். அதில் ஹெச்.பி. ஏ2 என்ற ஒரு வகை ஹீமோகுளோபினின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் மைனர்தான். முந்தின தலைமுறைகளில் யாருக்கும் மேஜர் வராமல் போனதற்குக் காரணம், இரண்டு மைனர்கள் கல்யாணம் செய்துகொள்ளும்படி நேராமல் இருந்திருக்கலாம், அல்லது வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்ற பேரில் கைக்குழந்தையாகவே இறந்த பிள்ளைகள் யார் கணக்கிலும் வராமல் போயிருக்கலாம்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அத்தை மாமன் பிள்ளைகள் இருவரிடம் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணு பொதுவாக இருக்கும், தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் நாலில் ஒரு பங்கு. மறைந்திருக்கும் ஒரே பிழை இரு பக்கமிருந்தும் வந்து சேர அங்கேதான் வழி அதிகம். அந்நியத்தில் செய்தாலும் மைனரும் மைனரும் சேரலாம், அதனால் சோதனை எல்லாருக்கும் வேண்டும் என்பேன்.

நச்சுக்கொடிச் சோதனையில் கரு கலைந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. பழகிய கையில் அந்த ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 13 வாரம் தாண்டிவிட்டால் 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம். ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டார்கள், சட்டப்படி சொல்லக்கூடாது, கேட்கவும் வேண்டாம். முடிவு என்னவாக வந்தாலும் அடுத்து என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். கருவைத் தொடரவேண்டாம் என்று நினைத்தால் சட்டம் அனுமதிக்கிறது, 18 வயது தாண்டிய பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். தொடர்கிறேன் என்றாலும் யாரும் தடுக்க முடியாது, நீங்கள் ஏற்கெனவே ஒரு பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்பவர்.

பையனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்ய முடியுமா என்றும் அங்கே கேளுங்கள். தலசீமியாவைக் குணப்படுத்தக்கூடிய அந்தச் சிகிச்சைக்கு, மஜ்ஜை கொடுப்பவருக்கும் பையனுக்கும் ஹெச்.எல்.ஏ. என்ற திசுப் பொருத்தம் வேண்டும். அந்த மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் இருப்பதால், தலசீமியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லாமல் தனியாகப் பிரியும். கூடப்பிறந்தவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. மேஜராகவும் இல்லாமல் பொருத்தமாகவும் இருக்கப் பதினாறில் மூன்று. மைனராக இருந்தாலும் மஜ்ஜை கொடுக்கலாம். சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் அப்பாவோ அம்மாவோ பொருந்திவிடுவதும் உண்டு, அதனால் உங்கள் மூவருக்கும் இந்தச் சோதனையை இப்போதே செய்துவிடலாம். அதற்காகவே இந்தக் குழந்தை என்று மட்டும் நினைக்கவேண்டாம்.

ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடருங்கள். இரும்பு மாத்திரை எவ்வளவு என்பதை ஃபெரிட்டின் பார்த்துவிட்டு உங்கள் மகப்பேறு மருத்துவர் முடிவு செய்யட்டும். மருத்துவமனைக்குப் போகும்போது உங்கள் பழைய ஹெச்.பி.எல்.சி. அறிக்கை, பையனுக்கு முதல் முதலாக ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த அறிக்கை, கர்ப்பத்தின் முதல் ஸ்கேன் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்குத் தம்பி, தங்கை யாராவது இருந்தால் அவர்களும் மைனராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, ஜாதகம் வெளியே போவதற்கு முன்னால் ஒரு ஹெச்.பி.எல்.சி. பார்த்துவிடச் சொல்லுங்கள்.