பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டு எரிகிறது!

கேள்வி: இங்கிலாந்தின் நார்விச்சில் இருக்கிறேன். 1998 மாடல் லோட்டஸ் எலீஸ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். லைட் சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டு விளக்குகள் மங்கலாக எரிகின்றன. இரவில் லைட் போட்டுவிட்டு மிதித்தால் இடது பின்விளக்கு அணைந்தே போகிறது. பல்பு, பிரேக் சுவிட்ச், லைட் சுவிட்ச் எல்லாம் மாற்றியாச்சு. இனி வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன, இடது பின்விளக்கின் எர்த், அதாவது கரண்ட் பேட்டரியின் நெகட்டிவ்வுக்குத் திரும்பிப் போகிற இணைப்பு.

சாதாரண காரில் பாடியே இரும்பு. பேட்டரியின் நெகட்டிவ்வை அதில் கட்டிவிட்டால் எந்த விளக்கையும் பக்கத்துத் தகட்டில் எர்த் பண்ணிவிடலாம். எலீஸின் பாடி ஃபைபர்கிளாஸ், அதில் கரண்ட் ஓடாது. எடை முக்கால் டன்னை ஒட்டி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதற்கான விலையை வயரிங்தான் கொடுக்கிறது, ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பி வர தனி வயர் வேண்டும், அந்த வயர் சேஸியில் (காரின் அடிச்சட்டம்) எங்கேயோ ஒரு போல்ட்டின் கீழே முடியும், அந்த போல்ட்டின் மேல் நார்விச் குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்புத்தண்ணீர் தெறித்துக்கொண்டே இருக்கும்.

உங்கள் பின்விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள், பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அது விட்டுப்போனால் பிரேக் கரண்ட் வெளியே போக வழியில்லாமல் 5 வாட் இழை வழியாகப் பின்னோக்கி ஓடி, டெயில் லைட் வயரைப் பிடித்துக்கொண்டு, அதே வயரில் தொங்குகிற டாஷ்போர்டு விளக்குகளுக்குள் போய் அங்கே எர்த் தேடும். அதனால்தான் மங்கலாக எரிகிறது. லைட் போட்டிருக்கும்போது 5 வாட் இழைக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய அதே 12 வோல்ட். வித்தியாசம் இல்லாவிட்டால் கரண்ட் ஓடாது, விளக்கும் அணைந்துவிடும். உங்கள் மெக்கானிக் மாற்றிய எதற்கும் இதில் சம்பந்தமே இல்லை.

இதை உறுதி செய்ய ஒரு சாதா மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டிலும் சிவப்பு முனையை பல்பு ஹோல்டரின் எர்த் காலிலும் வைத்து, யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். 0.1, 0.2 வோல்ட் வந்தால் எர்த் நல்லது. ஒரு வோல்ட்டுக்கு மேல் போனால் குற்றவாளி அகப்பட்டான். அப்புறம் சிவப்பு முனையை எர்த் வயர் வழியே பேட்டரியை நோக்கி ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள், எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அளவு சட்டென்று விழுகிறதோ அங்கேதான் கோளாறு.

பலர் இந்த இடத்தில் மீட்டரைத் தடையை அளக்கும் ஓம்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு "எர்த் சரியாத்தான் இருக்கு" என்று கிளம்பிவிடுகிறார்கள். வயரில் ஒரே ஒரு நூல் மட்டும் அறுபடாமல் மிச்சமிருந்தாலும் ஓம் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டும், ஏனென்றால் அது அனுப்புகிற கரண்ட் மிகச் சிறியது. ஒற்றையடிப் பாதையில் ஆள் போவான், பஸ் போகாது. ஒரு ஓம் தடை இருந்தாலே, அந்த ஒரு பிரேக் விளக்கு இழுக்கிற 1.75 ஆம்பியரில் 1.75 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். லோடு ஓடும்போது அளப்பதுதான் அளவு.

இடம் கிடைத்ததும் கழற்றிப் பாருங்கள். வயர் முனையில் இருக்கிற செம்பு லக்கில் பச்சைக் களிம்பும், அலுமினியச் சேஸியில் வெள்ளைப் பொடியும் இருக்கும். இரண்டையும் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். ஒன்று மட்டும், புது எர்த் போட வேண்டும் என்று சேஸியில் துளை போடாதீர்கள். அது எபாக்ஸி பசையால் ஒட்டிய அலுமினியம், காரின் பலமே அதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கிற எர்த் போல்ட்டுக்கு வயரை இழுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய மஸ்தா எம்எக்ஸ்-5. பத்து நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி காலி. புது பேட்டரி போட்டும் அதே கதை. (லெஸ்டர் வாசகி)

பதில்: ஏதோ ஒன்று தூங்காமல் விழித்திருக்கிறது. உங்கள் கார் எத்தனை கைமாறி வந்ததோ, அத்தனை பேரும் ஆளுக்கொரு அலாரமோ ஸ்டீரியோவோ செருகியிருப்பார்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது அவற்றைத்தான்.

மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்றி, பேட்டரி நெகட்டிவ்வுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் மாட்டுங்கள். மாட்டிய பிறகுதான் கேபிளைத் தூக்க வேண்டும், நடுவில் கரண்ட் விட்டுப்போனால் அலாரம் மறுபடி விழித்துக்கொள்ளும். அரை மணி நேரம் காத்திருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கினால் பரவாயில்லை. 150 என்று நின்றால் ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர் ஹவர், பத்து நாளில் 36, சின்ன பேட்டரியில் மிச்சம் என்ன இருக்கும்? ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது அளவு இறங்குகிறதோ அந்த லைனில் தேடுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

கேள்வி: 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 20 போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது! ஃபியூஸ் போகாவிட்டால் வயர் போகும், அதுவும் ஃபைபர்கிளாஸ் பாடி என்றால் தீப்பிடித்தபின் அணைப்பது லேசில்லை. ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை வயர் வைத்துச் செருகுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஆனால் வயரை எரிக்கிற அளவுக்குக் கரண்ட் போக விடாது. அப்படியே வயர்க் கொத்தை அங்கங்கே அசைத்துக்கொண்டே போங்கள், எங்கே அசைக்கும்போது பல்பு மங்குகிறதோ அங்கேதான் வயர் உரசித் தோல் உரிந்திருக்கிறது.

கேள்வி: 1960களின் லோட்டஸ் எலான் என்னுடையது. நீண்ட நேரம் மலையேறும்போது, பானெட்டிலிருந்து மேலே எழும்பி நிற்கிற ஹெட்லைட் இரண்டும் மெல்ல உள்ளே இறங்கிவிடுகின்றன. மோட்டாரின் ரிலே போய்விட்டதா?

பதில்: மோட்டாரே கிடையாது, ரிலேவை எங்கே தேடுவீர்கள்! எலானின் ஹெட்லைட்டைத் தூக்குவது இன்ஜினின் வேக்குவம், அதாவது அது காற்றை உறிஞ்சும்போது உண்டாகிற வெற்றிடம். ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடிக்கும்போது வேக்குவம் குறைந்துவிடும் என்பதால் அதைச் சேமித்துவைக்க சேஸியின் முன்பக்கக் குறுக்குக் குழாயையே தொட்டியாக்கிவிட்டார்கள். எடையை மிச்சம் பிடிக்கிற, லோட்டஸை நிறுவிய காலின் சாப்மனின் புத்தி, ஒரு பாகத்துக்கு இரண்டு வேலை! அந்த இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் விளக்கு இறங்கும். மல்டிமீட்டரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு முதலில் ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், மாற்ற அதிகம் செலவாகாது. ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தால் குழாயைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முன் சஸ்பென்ஷனும் அதில்தான் மாட்டியிருக்கிறது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.