எழுத்து முதலில், படம் அப்புறம்: படக்கதைக் கேள்வி பதில்

காரைக்குடி வட்டார வாசகர்கள் படக்கதை பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. பத்திரிகைக்குப் படம் போடுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

தேவகோட்டை, மாணவர்: அண்ணே, வசனம் எழுதும் பலூனை வைத்தால் முகம் மறைந்துபோகிறது.

படத்தை முடித்துவிட்டு பலூனுக்கு இடம் தேடினால் அப்படித்தான் ஆகும் தம்பி. எழுத்து முதலில், படம் அப்புறம். பென்சிலில் கட்டம் பிரித்ததுமே வசனத்தைக் கையால் எழுதிப் பார். ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே சொல் பலூனின் அகலத்தைத் தின்றுவிடும். மேலே புள்ளி, கீழே உகரக் கால் என்று இருப்பதால் வரிகளை நெருக்கவும் முடியாது. ‘போறாங்க’ என்று எழுது, பாதி இடம் மிச்சம். முதலில் பேசுகிறவரை இடப்பக்கம் நிறுத்து. இல்லாவிட்டால் பலூன் வால்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும்.

புதுவயல்: படம் வரைய எந்த டேப்லெட் வாங்கலாம்?

பென்சிலும் தாளும் போதும்.

கானாடுகாத்தான், ஓர் ஆச்சி: எங்கள் வீட்டில் நடப்பதாகப் பேத்திக்கு ஒரு கதை வரைகிறேன். ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையை ஒவ்வொரு கட்டத்திலும் போடவேண்டுமா?

வேண்டாம் ஆச்சி. போட்டால் பேத்தி தரையைத்தான் பார்ப்பாள். ஒரே ஒரு கட்டத்தில் வளவை, அதாவது உள்முற்றத்தை, தூணும் கல்லும் வானமுமாக முழுசாகக் காட்டிவிடுங்கள். அதற்குப்பின் தூணின் ஓரம் தெரிந்தாலே போதும், மீதி வீட்டை அவளே கட்டிக்கொள்வாள். உங்கள் வீட்டில் இன்னொரு வசதியும் உண்டு. முகப்பிலிருந்து பின்கட்டுவரை வாசல்கள் நேர்கோட்டில் நிற்கின்றன. வாசலுக்குள் வாசலாக வரைந்து, ஒரே குழந்தையை மூன்று வாசலிலும் ஓடவிடுங்கள். ஒரே ஆளை ஒரே படத்தில் பலமுறை காட்டும் இந்த வித்தை, திருவாரூர் கோயிலின் தேவாசிரிய மண்டப விதானத்தில் (உட்கூரையில்) 17ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் கையாண்டதுதான்.

பள்ளத்தூர்: கோயில் ஓவியத்தையெல்லாம் காமிக்ஸ் ஆக்குவது வெறும் பெருமைப் பேச்சு. அதில் பலூன் எங்கே?

திருவாரூரில் அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? முசுகுந்தன் என்ற அரசனின் கதை வரிசை வரிசையாகப் போகிறது, படங்களோடு தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறது. முசுகுந்தனுக்குக் குரங்கு முகம். அதனால் எத்தனை பேர் கூட்டத்தில் நின்றாலும் கதாநாயகன் யார் என்று கேட்க வேண்டியதில்லை. பாத்திரத்தை உருவாக்குவது எப்படி என்று இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. பலூனைப் பிடித்துத் தொங்காதீர்கள். 1830களில் படக்கதை அச்சிட்ட சுவிட்சர்லாந்துக்காரர் ரோடால்ஃப் டோப்ஃபரும் வசனத்தைப் படத்துக்குக் கீழேதான் எழுதினார்.

கோட்டையூர்: அப்படியானால் சித்தன்னவாசல் குகை ஓவியமும் காமிக்ஸா?

இல்லை. அங்கே விதானத்தில் இருப்பது தாமரைக் குளம். பூப்பறிக்கிறார்கள், மீன் நீந்துகிறது, ஆனால் ‘அடுத்து என்ன’ என்பது கிடையாது. அடுத்தது இருந்தால்தான் கதை.

மறுபடியும் பள்ளத்தூர்: பலூனை விட்டுவிடுகிறேன். விதானத்தைப் புரட்ட முடியுமா?

முடியாது. இது சரியான அடி, ஒப்புக்கொள்கிறேன். பக்கம் திருப்புவது புத்தகத்துக்கு மட்டுமே உள்ள ஆயுதம். கதவு தட்டும் சத்தத்தை வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் வையுங்கள். வந்தது யார் என்பது திருப்பினால்தான் தெரியவேண்டும். எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்தால், படிக்கும் முன்பே ஓரக்கண்ணில் பட்டுவிடும். விதானத்தில் எல்லாமே ஒரே நேரத்தில் கண்ணில் படுகிறது, ஒளிக்க இடமில்லை. ஆனாலும் அது படக்கதைதான் என்பதை விடமாட்டேன்!

செக்காலை: ஐபேடா, சாதாரண டேப்லெட்டா?

புதுவயலுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

குன்றக்குடி: காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியை வைத்துப் புதுக்கதை வரைந்து விற்கலாமா?

1972இல் முத்து காமிக்ஸ் அவரைச் சிவகாசிக்குக் கொண்டுவந்தாலும் பிறந்தது பிரிட்டனில். பழகுவதற்கு வரையுங்கள். விற்பதானால் வக்கீலிடம் கேளுங்கள்.

புதுவயல், வேறொருவர்: எல்லாப் படமும் தயார். பலூன் மட்டும் பாக்கி...

தேவகோட்டைத் தம்பிக்குச் சொன்னதேதான். எழுத்து முதலில்!

கண்டனூர்: 30 பக்கக் கதை, நடுவில் பின் அடித்துப் புத்தகமாக்க வேண்டும். அச்சகத்தில் கூடாது என்கிறார்கள்.

ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம். அதனால் 28 அல்லது 32. வெட்டாதீர்கள், 32 ஆக்குங்கள். கூடுகிற இரண்டு பக்கத்தில் ஒன்றைத் தலைப்புக்குக் கொடுங்கள். ஆனால் அதை முதலில் சேர்த்தால் பின்னால் வருவதெல்லாம் ஒரு பக்கம் நகரும். எந்தக் கட்டம் வலப்பக்கக் கடைசியில் விழுகிறது என்று பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.