ஆய்விதழ் மேசை: இரண்டு சதவீதத்துக்குள் ஒளிந்த திருட்டு

கேள்வி: திருட்டைச் சோதிக்கும் மென்பொருளில் என் கட்டுரைக்கு ஒப்புமை 18 சதவீதம் வந்திருக்கிறது. இதழில் 10-க்குள் கேட்கிறார்கள். சொற்களை மாற்றிப் போட்டால் போதுமா? (ஆய்வு மாணவி, மதுரை)

பதில்: போதாது. வம்பிலும் மாட்டிவிடும். எத்தனை வரிகள் வேறிடத்தோடு ஒத்துப்போகின்றன என்று மட்டுமே மென்பொருள் சொல்லும்; திருட்டா என்பதை ஆள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. முறையாகக் குறிப்பிட்ட மேற்கோள், துணைநூற்பட்டியல், நன்றியுரை, தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொல் வரையிலான தொடர் ஆகியவற்றை எண்ணக் கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. அறிக்கையில் இவற்றை விலக்கிவிட்டு மறுபடி பாருங்கள். மீதியில் பத்து மூலங்களுக்குத் தலா ஒரு சதவீதம் என்றால் பயமில்லை. ஒரே மூலத்துக்கு 6 என்றால் ஒரு முழுப் பத்தியே அங்கிருந்து வந்திருக்கக்கூடும்.

அந்தப் பத்தியைத் திருத்தும்போது மூலத்தை மூடி வைத்துவிட்டு, புரிந்ததை எழுதுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்த்து, மூலத்தைக் குறிப்பிடுங்கள். குறிப்பில்லாவிட்டால் சொந்த நடையில் எழுதியதும் திருட்டுதான். கருவியை வைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் 'பிரெஸ்ட் கேன்சர்' (மார்பகப் புற்றுநோய்) 'புஸம் பெரில்' (மார்பு ஆபத்து) ஆகிப்போனது. அந்தச் சொல்லே அவற்றைக் காட்டிக்கொடுத்தது.

கேள்வி: எங்கள் தமிழ் இதழுக்கு வந்த கட்டுரையில் ஒப்புமை 2 சதவீதம்தான். ஆனால் பழைய நூலொன்றின் பக்கங்கள் அப்படியே இருப்பதாக மதிப்பீட்டாளர் சொல்கிறார். எப்படி? (இதழாசிரியர், திருச்சி)

பதில்: எழுத்துருவை முதலில் பாருங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த 'தமிழ்' திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் இருக்கும். மென்பொருளால் அதை யூனிகோடு (எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியீட்டு முறை) தமிழோடு பொருத்திப் பார்க்க முடியாது. கட்டுரையிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துக் குப்பை வந்தால், முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். யூனிகோடிலேயே கோப்பு கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

அதன் பிறகும் தப்பிக்க வழி இருக்கிறது. படமாக மட்டும் வருடப்பட்ட பழைய நூலும், அச்சோடு நின்றுபோன சிற்றிதழும் தரவுத்தளத்தில் இருக்காது. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிக் கொடுத்தாலும் பெரும்பாலும் சிக்காது. இங்கே கண்தான் கருவி. நடை திடீரென மாறும் இடம், 'முன் இயலில் கண்டோம்' என்று இல்லாத இயலைச் சுட்டும் வரி, பழைய பதிப்பின் பக்க எண்ணோடு வரும் அடிக்குறிப்பு ஆகியவற்றைத் தேடுங்கள். மூலநூலில் பாட்டு எண் தவறாக அச்சாகி, அதே தவறு கட்டுரையிலும் இருந்தால் அதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. பிழை தற்செயலாக ஒத்துப்போவதில்லை.

கேள்வி: வெளியான கட்டுரை திருட்டு என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இணையத்திலிருந்து எடுத்துவிடலாமா? (துணையாசிரியர், கோவை)

பதில்: சத்தமில்லாமல் எடுக்காதீர்கள். மூலமும் கட்டுரையும் அருகருகே வருமாறு, பக்க எண்ணோடு ஓர் அட்டவணை போடுங்கள். தொடர்பு ஆசிரியருக்கு (கட்டுரை எழுதியவர்கள் சார்பில் இதழோடு தொடர்பில் இருப்பவர்) அதை அனுப்பி, நாள் குறித்து விளக்கம் கேளுங்கள். கடிதத்தில் 'திருட்டு' என்ற சொல்லே வேண்டாம். 'இந்த ஒப்புமைக்கு விளக்கம் தேவை' போதும். பதில் இல்லாவிட்டால் கட்டுரையின் மற்ற ஆசிரியர்களுக்கும், அதன் பிறகு அவர்களுடைய நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். பதிப்பு நெறிகளுக்கான 'கோப்' அமைப்பு காட்டும் வழியும் ஏறக்குறைய இதுதான்.

இரண்டொரு வரியில் குறிப்பு விடுபட்டிருந்தால் திருத்த அறிவிப்பு போதும். பெரும்பகுதி பிறருடையது என்று உறுதியானால் கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள். பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரையும், காரணம் சொல்லும் தனி அறிவிப்பும் வேண்டும். சந்தா கட்டினால்தான் படிக்க முடியும் என்ற இடத்தில் அறிவிப்பை வைக்காதீர்கள். புகார் எழுதிய வாசகருக்கும் முடிவைத் தெரிவியுங்கள். பல இதழ்கள் மறந்துவிடுவது இதைத்தான்.