அரசியல் செய்தியாளர் ஆவேன் என்று அடம் பிடிக்கும் மகளின் அம்மாவுக்கு

அம்மா, வணக்கம். உங்கள் மடலைப் படித்தேன். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள், அப்பா பி.காம். சேர்க்கச் சொல்கிறார், இவளோ அரசியல் செய்தியாளர் ஆகப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், இந்த வேலை சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் முதல் மூன்று நான்கு வருஷம் கையைக் கடிக்கும், அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. தொடக்கச் சம்பளம் குறைவு, ராத்திரி பகல் பார்க்க முடியாது, தேர்தல் சமயத்தில் வீட்டுக்கு வருவதே அரிது.

உங்கள் மடலில் இன்னொரு வரி இருந்தது. ராத்திரி டி.வி. விவாதத்தைப் பார்த்துக்கொண்டே யார் என்ன சொன்னார் என்று தேதி போட்டு நோட்டில் எழுதுகிறாள், ஐந்து நோட்டு நிரம்பிவிட்டது, இந்த நேரத்தில் பாடம் படிக்கலாம் இல்லையா என்று குறைப்பட்டிருந்தீர்கள். பதினேழு வயதில் யாரும் சொல்லாமல் அதைச் செய்கிற பிள்ளையை நான் அடிக்கடி பார்ப்பதில்லை அம்மா. அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

ம.பொ.சி. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1906-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பக்கம் பிறந்த ம.பொ.சிவஞானம். வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. தறியில் உட்கார்ந்தார், அப்புறம் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலைக்குப் போனார். அந்த வேலை எப்படி என்றால், அறை அறையாகத் தடுத்த மரப்பெட்டியில் ஈய எழுத்துகள் கிடக்கும், ஒவ்வொன்றாகப் பொறுக்கி இடது கையில் பிடித்த சட்டத்தில் அடுக்க வேண்டும், எழுத்து எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி இருக்கும், ஒரு துணைக்கால் மாறினாலும் மறுநாள் ஊரே பிழையைப் படிக்கும். பிறர் எழுதிய அரசியலை இப்படி எழுத்து எழுத்தாகக் கையால் தொட்டுப் படித்த மனிதர், பிறகு தானே பத்திரிகை நடத்தினார். ‘செங்கோல்’ அவருடையதுதான். 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சிறைக்குப் போய் உடம்பு கெட்டது, ஆனால் சிறையிலும் சிலப்பதிகாரத்தை விடாமல் படித்தார், பின்னாளில் சிலம்புச் செல்வர் என்றே பெயர் வந்தது. ஆந்திரத்தோடு ஒட்டிய தமிழ்ப் பகுதிகளைக் கேட்ட வடக்கெல்லைப் போராட்டத்தில் முன்னால் நின்றார். 1960-இல் திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. சட்டமன்ற மேலவையில் துணைத் தலைவராகி, பிறகு தலைவராகி, 1986-இல் மேலவையைக் கலைக்கும் வரை அந்த நாற்காலியில் இருந்தார். விடுதலைப் போரில் தமிழகத்தின் பங்கை இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதியவரும் அவரே.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பத்திரிகை, அவை, வரலாறு மூன்றும் அவர் வாழ்க்கையில் ஒரே வேலையாகத்தான் இருந்தன. யார், எங்கே, என்றைக்கு, என்ன சொன்னார் என்பதைத் தவறாமல் பிடித்து வைப்பது. உங்கள் மகள் நோட்டில் செய்வதும் அதுதானே.

சரி, ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மேலவைத் தலைவர் பதவி அவருக்கு அரசியல் வழியாக வந்தது, அதற்குப் பரீட்சை கிடையாது. சட்டப்பேரவைச் செயலகத்தில் இருப்பது வேறு, அது அரசு வேலை. அங்கே உறுப்பினர்கள் பேசுவதைச் சொல் விடாமல் குறிப்பெடுக்கிற நிருபர் பணி ஒன்று இருக்கிறது, தமிழுக்குத் தனியாக, ஆங்கிலத்துக்குத் தனியாக. டி.என்.பி.எஸ்.சி. வழியாக அறிவிப்பு வரும், பட்டப்படிப்போடு சுருக்கெழுத்தும் தட்டச்சும் வேண்டும். இடங்கள் சொற்பம், அறிவிப்பும் வருஷா வருஷம் வராது. ஆனால் சுருக்கெழுத்தில் நல்ல வேகம் உள்ள பட்டதாரிகளும் சொற்பம் அம்மா. சீனியர் கிரேடுக்கு நிமிடத்துக்கு 120 சொல், அவையில் சூடாக விவாதம் நடக்கும்போது அதுவே போதாது, அதற்கு மேல் ஹை ஸ்பீடு எழுதிப் பழக வேண்டும். உங்கள் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த மாதமே சேர்த்துவிடுங்கள், காலையில் ஒரு மணி நேரம் போதும், கல்லூரி முடிவதற்குள் கை பழகிவிடும்.

படிப்புக்கு நான் சொல்வது பி.ஏ. வரலாறு, இல்லையென்றால் அரசியல் அறிவியல், அரசு கலைக் கல்லூரியிலேயே. இளங்கலையிலேயே இதழியல் வேண்டாம் என்பது என் கருத்து. எழுதும் முறையை ஒரு வருஷத்தில் கற்றுக்கொள்ளலாம், எதைப் பற்றி எழுதுகிறோம் என்ற அறிவு மூன்று வருஷம் உட்கார்ந்து படித்தால்தான் வரும். பட்டம் முடித்த பிறகு சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், டெல்லியில் மத்திய அரசின் இதழியல் நிறுவனமான ஐ.ஐ.எம்.சி. இருக்கின்றன. முதலாவதில் கட்டணம் அதிகம், உதவித்தொகையைக் கேட்டு விசாரித்த பிறகு முடிவெடுங்கள். டெல்லியில் நாடாளுமன்ற வேலைகளை ஆராயும் பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு லேம்ப் என்று ஒரு ஃபெல்லோஷிப் நடத்துகிறது, தேர்வானால் ஓர் எம்.பி.யோடு இருந்து மசோதா, கேள்வி நேரம் எல்லாவற்றுக்கும் ஆராய்ச்சிக் குறிப்பு தயாரித்துத் தர வேண்டும், உதவித்தொகையும் உண்டு. இருபத்தைந்து வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதனால் இப்போதிருந்தே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதப் பழகட்டும்.

அவள் அப்பாவின் பயமும் நியாயமானதுதான். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பத்திரிகை சரிப்படவில்லை என்றாலும் பி.ஏ. வரலாறு படித்தவள் குரூப் 1, குரூப் 2 எழுதலாம், படித்த வரலாறு அங்கேயும் கைகொடுக்கும், பி.எட். முடித்து ஆசிரியர் ஆகலாம். கூடவே கையில் சுருக்கெழுத்துச் சான்றிதழும் இருந்தால் நீதிமன்றத்திலும் அரசு அலுவலகங்களிலும் சுருக்கெழுத்தர் பணிக்குப் போகலாம்.

விடுமுறையில் ஒருநாள் சென்னைக்குக் கூட்டிப்போனால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தையும் வெளியிலிருந்தாவது காட்டுங்கள். பழைய பத்திரிகைத் தாள் எப்படிப் பழுத்து, ஓரம் பொடிந்து, ஆனாலும் தேதி அழியாமல் இருக்கிறது என்று அவள் கண்ணால் பார்க்கட்டும். விண்ணப்பம் போடுவதற்கு முன் அவளையும் அவள் அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை என்னிடம் வாருங்கள். மதிப்பெண் பட்டியலோடு அந்த ஐந்து நோட்டையும் எடுத்து வாருங்கள் அம்மா, நான் படித்துப் பார்க்க வேண்டும்.