மதுரையில் முதல் கத்தோலிக்கத் திருச்சபை எப்படித் தொடங்கியது? பள்ளிக்கூடமும் அதோடு வந்ததா?

பலரும் இத்தாலிய இயேசு சபைக் குருவான ராபர்ட் தெ நொபிலியிலிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். ஆனால் அவர் 1606இல் வந்தபோதே மதுரையில் ஒரு சிறு கோவிலும் பள்ளியும் இருந்தன. முன்னாள் போர்ச்சுகீசியப் படைவீரரான கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற இயேசு சபைக் குரு அவற்றை நடத்திவந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்துபோன பரதவர்களே அவருடைய மக்கள்.

அவரைக் குறைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. கூடவே மருந்தகமும் நடத்தி நோயாளிகளைப் பார்த்தவர் அவர். சரி, பத்தாண்டுக்கு மேல் உழைத்தும் உள்ளூர் மக்கள் ஏன் சேரவில்லை? 'பரங்கி' என்ற சொல்தான் தடை. மாட்டிறைச்சியும் மதுவும் சேர்க்கும் அந்நியர் என்பதே அதன் பொருளாகிப்போனது; அவர் மதமும் 'பரங்கி மார்க்கம்' ஆனது.

நொபிலி காவி உடுத்தி, காலில் மரப் பாதுகை அணிந்து, சைவ உணவுக்கு மாறினார். அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: அவரிடம் முதலில் திருமுழுக்குப் பெற்றவர் பெர்னாண்டஸின் பள்ளி ஆசிரியர்! சைவரான அவர் நாள்கணக்கில் நொபிலியோடு வாதிட்ட பிறகே இசைந்தார்.

இரு குருக்களுக்கும் இடையே இந்த வழிமுறை பற்றி எழுந்த பிணக்கு ரோம் வரை போனது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.