சாண்டர்ஸா ஜென்டியா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 2024 சீசனில் ஆஷ்டன் ஜென்டி பந்தோடு 2,601 யார்டு ஓடிவிட்டார், 1988 சீசனில் பாரி சாண்டர்ஸ் ஓடிய 2,628-க்கு வெறும் 27 தான் குறைவு, ஆகவே இருவரும் சமம் என்று உங்கள் நண்பர் அடித்துப் பேசுவதாகவும், என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எத்தனை ஆட்டத்தில் என்று அவரிடம் கேளுங்கள். ஜென்டி 14 ஆட்டம் ஆடினார். 1988-இல் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்காக சாண்டர்ஸ் அதை எடுத்தது 11 ஆட்டத்தில். ஆட்டத்துக்குச் சராசரி 238 யார்டுக்கும் மேல்! அப்போது சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்கள் கணக்கில் சேராது. வயோமிங்குக்கு எதிரான ஹாலிடே பவுலில் அவர் ஓடிய 222 யார்டையும் சேர்த்தால் மொத்தம் 2,850; அதே ஆட்டத்தில் 5 டச்டவுனும் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) எடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு வரை அவர் அதே அணியின் தர்மன் தாமஸுக்கு மாற்று ஆட்டக்காரர் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஜென்டியும் சாதாரண ஆள் இல்லை, எதிரணி முழுக்க அவரையே குறிவைத்தும் ஓடினார். ஆனால் ஒற்றை சீசன் என்றால் என் ஓட்டு சாண்டர்ஸுக்குத்தான்.

அப்புறம், பேச்சு மொத்தக் கல்லூரிக் காலத்துக்குத் திரும்பினால் ஹெர்ஷல் வாக்கரை எடுங்கள். ஜார்ஜியா பல்கலைக்கழக அணிக்காக மூன்றே ஆண்டில் 5,259 யார்டு. முதலாண்டு மாணவராக, நாட்டர் டேமுக்கு எதிரான சுகர் பவுலில் தோள்மூட்டு விலகிய பிறகும் ஆடி 150 யார்டு ஓடினார். அன்று ஜார்ஜியா வீசிய பாஸ்களில் ஒன்றே ஒன்றுதான் சக ஆட்டக்காரர் கைசேர்ந்தது.